சிதறால் வீட்டு நாயும் வெள்ளிக்கிழமைக் கருவாடும்

காலையில் எழுந்ததும் என் முதல் வேலை மீனுக்குச் சாப்பாடு போடுவது. இப்போது இருப்பது கருங்கல் பக்கம் ஒரு மஸ்கட்காரர் வீடு. ஹாலில் டிவியை விடப் பெரிய கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் கொஞ்சம் மீன்கள் வேலைவெட்டி இல்லாமல் சுற்றித் திரியும். டப்பாவைத் திறந்து இரண்டு சிட்டிகை தூள் போட்டால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் மீன்தான் மனிதனுக்குச் சோறு போடும். மனிதன் மீனுக்குச் சோறு போட்டதாகச் சரித்திரம் கிடையாது. முதல் நாள் அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், இதற்கு எத்தனை தேங்காய் அரைக்க வேண்டும் என்றுதான் மனம் யோசித்தது. ஊரில் இருக்கும் என் அக்கா மேரியிடம் போனில் இதைச் சொன்னேன்.

“மீனுக்குத் தீனி போடுதியா? ஏலே சூச, அப்பன் கேட்டா கல்லறையில இருந்து எந்திச்சு வந்து ஒன்ன அடிப்பாரு.”

“வந்தா வாசல்ல செருப்பக் கழத்திப் போட்டுட்டு வரச் சொல்லு. இஞ்ச தரை வெள்ளை மார்பிளாக்கும்.”

இதுதான் என் தொழில். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, நீங்கள் ஆசையாகக் கட்டி, பால் காய்ச்சி, நாலு நாள் படுத்துப் பார்த்து, பூட்டிவிட்டுப் போன வீடுகளில் நான் குடியிருக்கிறேன். உங்கள் நாய்க்குச் சோறு வைக்கிறேன், உங்கள் கிளிக்குப் பழம் நறுக்குகிறேன், உங்கள் வான்கோழியிடம் கொத்து வாங்குகிறேன். நீங்கள் லீவுக்கு வரும்போது என் பேக்கை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். நீங்கள் குவைத்தில் ஒரு ரூமில் ஆறு பேராகப் படுத்துக்கொண்டு இந்த வீட்டை நினைத்துப் பெருமூச்சு விடுகிறீர்கள். நான் இங்கே ஆறு ரூமில் ஒற்றை ஆளாகப் படுத்துக்கொண்டு எந்த ரூமில் படுப்பது என்று பெருமூச்சு விடுகிறேன். ஆகவே எனக்கும் கஷ்டம் உண்டு என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கடற்கரைக்காரன் ஏன் கடலுக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். போனேன். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வள்ளத்தில் ஏறினால் மீனோடு வருவார்கள். நான் ஏறினால் வாந்தியோடு வருவேன். அப்பன் என்னை மூன்று தடவை ஏற்றிப் பார்த்தார். மூன்றாவது தடவை கரைக்கு வந்ததும், “இவன மீனே பாத்துச் சிரிக்கு” என்று சொல்லிவிட்டு என்னைப் படிக்க அனுப்பினார். அங்கேயும் அதே கதை. புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றும். கடலுக்கும் ஆகாதவன், கரைக்கும் ஆகாதவன் எங்கே போவான்? ஷார்ஜாவுக்குப் போனான்.

ஷார்ஜாவில் ஒரு பெரிய கட்டடத்தில் படி கழுவும் வேலை. நாலாவது மாடியில் ஒரு லெபனான்காரி மேடம், அவருக்கு ஒரு பூனை. அந்தப் பூனைக்கு முடி வெட்ட ஆள் வரும். எனக்கு முடி வெட்ட நானே கண்ணாடியைப் பார்த்து வெட்டிக்கொள்வேன். வெயில் காலத்தில் மேடம் ஊருக்குப் போனபோது சாவியையும் பூனையையும் என்னிடம் தந்தார். தொழிலாளர் கேம்ப் கட்டிலில் மூட்டைப்பூச்சியோடு படுத்தவன் ஒரு மாதம் ஏசியில் பூனையோடு படுத்தேன். பூனை கட்டிலில், நான் தரையில், மரியாதை மரியாதைதானே. மேடம் திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “ஷீ கிரை?” பூனை அழுததா என்று. நான் பெருமையாகச் சொன்னேன்: “நோ கிரை, மேடம். ஈட், ஸ்லீப், ஹாப்பி.” மேடத்தின் முகம் கறுத்துப்போனது. ஒரு நன்றி கூடச் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழ விடாமல் பார்த்துக்கொண்டதில் என்ன குற்றம்? அடுத்த வெயில் காலத்தில் அதே கேள்வி வந்தது. இந்த முறை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன்: “கிரை, மேடம். எவ்ரி டே கிரை. டோர் லுக், கிரை.” மேடம் பூனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு ஒரு பெட்டி சாக்லேட் கிடைத்தது. வீட்டை விட்டுப் போகிறவர்களுக்கு வீடு சுகமாக இருக்கிறது என்று கேட்பது பிடிக்காது. தங்களுக்காக ஏங்குகிறது என்று கேட்க வேண்டும். வளைகுடாவில் நான் படித்த படிப்பு இது ஒன்றுதான்.

அப்புறம் அங்கே கட்டட வேலை எல்லாம் நின்றது, ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்கு அனுப்பினார்கள். கூட்டத்தில் நானும் ஒருவன். ஊருக்கு வந்து பார்த்தால் கடல் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் சிதறால் பக்கத்து ராஜமணி அண்ணனின் வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். அவர் குவைத்தில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். மனைவி சாந்தி அக்கா அங்கேயே நர்ஸ். பிள்ளைகள் அங்கேயே படிக்கிறார்கள். வீட்டில் இருந்தது சீசர் என்ற நாய் மட்டும். சீசரை அல்சேஷன் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். குட்டியில் அப்படித்தான் இருந்ததாம். வளர வளர நம்மூர் முகம் வெளியே வந்துவிட்டது. காது மட்டும் ஒன்று அல்சேஷன் போல நிற்கும், மற்றது நம்மூர் போல மடங்கிக் கிடக்கும்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து சிதறாலுக்கு இரண்டு பஸ். ஆனால் விமானத்தில் போன ஷார்ஜாவை விட அதுதான் எனக்கு வெளிநாடாக இருந்தது. கடற்கரையில் கதவைத் திறந்தால் வானம். இங்கே கதவைத் திறந்தால் ரப்பர் மரம், அதற்குப் பின்னால் ரப்பர் மரம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் மூன்றாவது வீட்டுக்காரி உப்பு குறைவு என்பாள். இங்கே ஆள் உயர மதில், மதிலுக்கு மேலே குப்பிச்சில்லு, கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ போர்டு. தெரு முக்கில் இருந்த சாயாக்கடையில் தங்கப்பன் அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆருக்க வீட்டுல நிக்கே?”

“ராஜமணி அண்ணனுக்க வீட்டுல.”

“அவருக்குச் சொந்தமா?”

“அவருக்க நாயிக்குச் சொந்தம்.”

அவர் சிரிக்கவில்லை. சாயாவில் சீனி போடவும் இல்லை.

சாந்தி அக்கா வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: வீட்டுக்குள் மீன் வாசம் வரக்கூடாது. புதுச் சமையலறை, பளபளவென்று பலகை அலமாரி. மணம் ஏறினால் போகாதாம். மீன் இல்லாமல் ஒரு வாரம் இருந்தேன். எட்டாவது நாள் அக்கா மேரி தந்துவிட்ட நெத்தோலிக் கருவாட்டை ஒரு டின்னில் போட்டு, பின்பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டில் கட்டித் தொங்கவிட்டேன். ரப்பர் ஷீட்டின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு விளங்கும். அதற்குள் செத்த யானையை ஒளித்து வைத்தாலும் ஒருவருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு. அன்று காலையில் ராஜமணி அண்ணன் கூப்பிடுவார். என்னிடம் இரண்டு வார்த்தை, பிறகு, “சூச, போன அவனுக்க காதுல வையி.” நான் ஸ்பீக்கரைப் போட்டு சீசரின் நின்ற காதில் வைப்பேன். “சீசரே, மோனே, சுகமா இருக்கியா? என்னைய ஓர்மை உண்டா?” என்று கரைகிற குரலில் கேட்பார். சீசர் கொட்டாவி விடும். ஒரு தடவை எழுந்து போய் முருங்கை மரத்தில் காலைத் தூக்கியது. “அவன் என்ன செய்யான், சூச?” என்று அண்ணன் கேட்டார். எனக்கு லெபனான் மேடம் ஞாபகம் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை போன் ஒரு கையில், மற்றக் கையில் இரண்டு நெத்தோலி. அண்ணன் பேசத் தொடங்கியதும் கையைக் காட்டினேன். சீசர் குதித்த குதியும் குரைத்த குரையும் குவைத் வரைக்கும் போன் இல்லாமலே கேட்டிருக்கும். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “அவன் என்னைய மறக்கல்ல, கேட்டியா,” என்றார். அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை. கருவாடும் தவறியதில்லை. கடைசியில் அண்ணனின் குரல் போனில் வந்தாலே போதும், சீசருக்கு எச்சில் ஊறும்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் அண்ணனின் குரல் வேறு மாதிரி இருந்தது.

“சாந்தி வீட்ட விக்கணும்னு நிக்கா, சூச. நம்மள அறியாத வீடு நமக்கு என்னத்துக்குன்னு கேக்கா. நான் சொல்லிட்டேன், எனக்க சீசர் என்னைய அறியும், வந்து பாருன்னு. லீவுக்கு வாறோம். அவன் என்னைய அறிஞ்சா வீடு நிக்கும். இல்லன்னா அவ சொல்லது போல.”

போனை வைத்துவிட்டு சீசரைப் பார்த்தேன். அது தன் வாலைத் தானே கடிக்க முயன்றுகொண்டிருந்தது. ஒரு வீட்டின் தலையெழுத்து இவனுடைய மூளையிலா இருக்கிறது? நாலாவது தடவை வள்ளத்தில் ஏறியது போல இருந்தது எனக்கு.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து கார் வந்து கேட்டில் நின்றது. அண்ணன் சென்ட் மணக்க, கைகளை விரித்துக்கொண்டு இறங்கினார். சீசர் அவருடைய பேண்டைக் கவ்வியது. “ஐயோ சீசரே, நானாக்கும்லே! எனக்க மோனே!” என்று அவர் அலறினார். குரல் காதில் விழுந்ததும் சீசர் பேண்டை விட்டது. நின்ற காதோடு மடங்கிய காதும் நின்றது. வால் காத்தாடி போலச் சுற்றியது. குதித்துக் குதித்து ஆனந்தமாகக் குரைத்தது. அண்ணனின் கண்ணில் தண்ணீர். “பாத்தியா சாந்தி! பாத்தியா!” அவர் குனிந்து தடவப் போனார். சீசர் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்து, என் கையைப் பார்த்து நாக்கைத் தொங்கப்போட்டது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. சாந்தி அக்கா பார்த்தார்.

பெட்டியை எல்லாம் இறக்கி வைத்தபின் அவர் பின்பக்கம் வந்தார்.

“கருவாடு எங்க வச்சிருக்கே?”

“எந்தக் கருவாடு, அக்கா?”

“நான் நர்ஸாக்கும். ஆளு பொய் சொன்னா கண்ணுல தெரியும். நாயி பொய்யே சொல்லாது. கருவாடு மணக்க ஒனக்க கையப் பாத்து அதுக்க எச்சி தரையில வடியுது.”

டின்னை இறக்கிக் காட்டினேன், வெள்ளிக்கிழமை வித்தையையும் சொன்னேன். மூக்கைப் பொத்திக்கொண்டு திறந்து பார்த்தார். ஷீட் அடிக்கிற மெஷினில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

“வெள்ளியாழ்ச்ச போன வச்சதும் இந்த மனுசன் பாத்ரூமுக்குள்ள போயி பைப்பத் தொறந்துவிட்டுட்டு அழுவாரு. வெள்ளம் விழுக சத்தத்துல எங்களுக்குக் கேக்காதுன்னு நெனப்பு. வீட்ட வித்தாலாவது அழுக நிக்கும்னு பாத்தேன். நீ என்னன்னா நெத்தோலியக் காட்டி அந்த மனுசன அழ வச்சிருக்கே.”

நான் டின்னை வாங்கக் கையை நீட்டினேன். அக்கா தரவில்லை.

“அவருகிட்ட மூச்சு விடாத. லீவு முடியதுக்குள்ள, கருவாடு இல்லாம, அவரு கூப்பிட்டா அது போவணும். போச்சுன்னா அவரு வேலைய விட்டுட்டு இஞ்சயே நிக்கட்டும். நான் அங்க பிள்ளைகளப் பாத்துக்கிடுவேன். போவல்லன்னா வித்திருவோம். ஒரு நாயி கூட அறியாத எடத்துல அவர ஒத்தைக்கு விட்டுட்டு என்னால போவ முடியாது.”

“வித்தா சீசரு?”

“வாங்குகவருக்கு நாயி வேண்டாமாம். நாயிக்க கூடு நிக்க எடத்துல கார் ஷெட் போடுவாராம்.” டின்னை மூடி என் கையில் தந்தார். “ரெண்டுல எது நடந்தாலும் ஒனக்கு இஞ்ச எடமில்ல, மக்கா. அதையும் சொல்லிப் போடுகேன்.”

எனக்கு இடம் இல்லாதது புதிதல்ல. எனக்கு அது பழகிய தொழில். சீசருக்குப் பழக்கம் இல்லை. குட்டியிலிருந்தே ஒரே மதிலுக்குள் கிடந்த பிராணி. ரோட்டில் விட்டால் நாலு நாள் தாங்காது. வடசேரி சந்தையில் ஆட்டையும் மாட்டையும் விற்கலாம், ஒரு காது மடங்கிய வயசான நாயை யார் வாங்குவார்கள்? அன்றே டின்னோடு கருவாட்டைத் தங்கப்பன் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றுதான் அவர் என் சாயாவில் சீனி போட்டார்.

பாடம் தொடங்கியது. தொடங்கிய இடத்திலேயே நின்றது. அண்ணன் சோறு வைத்தார். சீசர் தின்றது, வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தது. அண்ணன் குளிப்பாட்டினார், குளித்துவிட்டு என் கைலியில் உடம்பைத் துடைத்தது. “சீசரே, மோனே” என்று அவர் கூப்பிட்டால்தான் வம்பே. அந்தக் குரலைக் கேட்டதும் அது பாய்ந்து என் கையைத் தேடி வரும். அவர் எவ்வளவு அன்பாகக் கூப்பிடுகிறாரோ அவ்வளவு வேகமாக என்னிடம் வந்தது. “ஒன்னையத்தான் இவனுக்குப் பிடிச்சிருக்கு, சூச,” என்று ஒரு நாள் சாப்பிடாமல் எழுந்து போனார். நான் தட்டைக் கழுவிக்கொண்டே என்னை நானே மெதுவாகக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பரவாயில்லை, பக்கத்தில் ஆள் இல்லை, யாரும் கேட்கவில்லை என்று நினைத்தால் சாந்தி அக்கா வாசலில் நிற்கிறார்.

“இது மெதுவாப் பேசுகதா? ஏன் இப்பிடி கூவுகே?”

அப்போதுதான் நான் சத்தமாகப் பேசுகிறவன் என்பதே எனக்குத் தெரிந்தது. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இது விளங்கும். அலைக்கு மேலே பேச வேண்டும் என்பதால் எங்கள் ஊரில் ரகசியமே அடுத்த தெருவரை கேட்கும். என் அக்கா ஜெபம் சொன்னால் சண்டை என்று நினைத்து ஆள் கூடும். சீசரையும் நான் இத்தனை நாளும் அப்படித்தான் கூவி அழைத்திருக்கிறேன். அண்ணனோ குடோனில் அரபி முதலாளிக்கு முன்னால் பேசிப் பேசி, சட்டைக்குள்ளேயே பேசுகிற குரலாகிப்போனவர். அந்தக் குரல் சீசருக்குப் போன் பெட்டிக்குள் இருந்து வருகிற குரல். மனிதனின் குரல் அல்ல.

நான் இதைச் சொன்னதும் சாந்தி அக்கா யோசித்துவிட்டு உள்ளே போய்க் கணவரிடம் சொன்னார்: “இஞ்ச பாரும், குவைத்துல பேசது போல இஞ்ச பேசாதேயும். தொண்டையத் தொறந்து கூவும். மதிலு நம்மதுதானே?”

முதலில் வெட்கப்பட்டார். ரப்பர் தோட்டத்துக்குள் தனியாகப் போய்க் கூவிப் பார்த்தார். ஆட்டுக்குட்டி கத்தியது போல இருந்தது. “வயித்துல இருந்து வரணும், அண்ணே. வலை மடி நெறைய மீனு கெடக்கு, இழுக்க ஆளு காணல்ல, அப்பம் எப்பிடிக் கூவுவோம்?” என்று நான் கூவிக் காட்டினேன். அவர் கூவினார். நான் கூவினேன். தங்கப்பன் அண்ணாச்சி கரண்டியோடு ஓடி வந்தார்.

“என்ன வழக்கு? ஆரு ஆர வெட்டுகா?”

“வழக்கு இல்ல அண்ணாச்சி, அண்ணன் பேசிப் படிக்காரு.”

“இத்தனை வயசுக்கு மேலயா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

லீவு முடியப் போகும் சமயம். புரோக்கர் வீடு வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் செருப்போடு உள்ளே வந்து, கூட்டைக் காலால் தட்டிப் பார்த்து, “இத இடிச்சிரலாம்,” என்றார். கேட்டைச் சாத்தாமல் விட்டுவிட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கீரி ஓடியது. சீசர் மதிலைத் தாண்டாத நாய், திறந்த கேட்டில் பாய்ந்து ரோட்டில் போய் நின்றது. இறக்கத்தில் மரத்தடி ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். சாந்தி அக்கா என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினார்.

“நீ கூப்பிடாத.”

என் வாய் திறந்தபடியே நின்றது. அண்ணன் வாசலில் நின்றார், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சென்ட் இல்லாமல், வேர்த்து.

“லேய் சீசரே! கேறி வாலே இஞ்ச!”

என் அப்பன் கடலில் கூட அப்படிக் கூவியதில்லை. மரத்தில் இருந்த காக்கா பறந்தது. புரோக்கர் இரண்டடி பின்னால் போனார். சீசர் திரும்பிப் பார்த்தது, லாரியைப் பார்த்தது, ஒரே ஓட்டமாகக் கேட்டுக்குள் வந்தது. என்னை நோக்கித்தான் வருகிறது என்று நினைத்து என் கை தானாக நீண்டது. அது என்னைத் தாண்டிப் போனது. போகிற போக்கில் வால் என் முட்டில் ஒரு அடி அடித்தது. மன்னிப்பா, டாட்டாவா தெரியவில்லை. அண்ணனிடம் போய் அவருடைய வெறும் கையை மோந்து பார்த்தது. ஒன்றும் இல்லை. இருந்தும் அவர் கால் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கியது.

சாந்தி அக்கா என் கையை விட்டார். புரோக்கரிடம் போய், “சாயா குடிச்சிட்டுப் போங்க, வீடு குடுக்கல்ல,” என்றார்.

சாந்தி அக்கா தனியாகக் குவைத்துக்குத் திரும்பிப் போன அன்று என்னிடம் ஒன்று சொன்னார்: “ஒனக்க பிழைப்ப நீயே கூவிக் கெடுத்துட்டியே, பாவி.” சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் காரில் ஏறிய பிறகு வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வீடு நம்மை அறியாது என்று சொன்ன மனுஷி.

மறுநாள் நான் பேக்கை எடுத்தேன். அண்ணன் இரு என்றார். இருந்து என்ன செய்ய? உடையவன் இருக்கிற வீட்டில் காவல்காரன் இருந்தால் இரண்டு பேருக்கும் எந்த நாற்காலியில் உட்காருவது என்ற சந்தேகம் வந்துவிடும். சீசர் தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்பவில்லை. ஷார்ஜாவிலிருந்து வந்தபோது கூட நான் இவ்வளவு மெதுவாக நடக்கவில்லை. முக்கில் பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தேன்.

“லேய்! எங்கலே போற? கேறி வாலே வீட்டுக்கு!”

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் குரல் கேட்டது. என் ஊர்ச் சத்தம், என் இழுப்பு, என் அப்பனிடமிருந்து எனக்கு வந்த அதே கரகரப்பு. கூப்பிட்டது அண்ணன், நாயை. எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒரு கால் ரோட்டிலும் ஒரு கால் படியிலுமாக நான் திரும்பி நின்றேன்.

“ஓய், வாறீரா, நிக்கீரா?” என்று கண்டக்டர் கேட்டார்.